பந்து நுழைகிறதா பார்

ஒரு கையில் பந்து, இன்னொரு கையில் என் மகளின் ஹெல்மெட். பொழிச்சலூர் மைதானத்தின் நட்ட நடுவில், செருப்பைக் கழற்றிவிட்டு ஆடுகளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு அணியும் அம்பயரும் என் விரல்களையே பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. ஏர்போர்ட் பக்கத்திலேயே இருப்பதால் அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. விமானம் போகும்போது பௌலர் ஓடி வர மாட்டான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான். பேட்டைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு 'ரன்' என்றோ 'வேண்டாம்' என்றோ எதுவும் காதில் விழாது என்பதால் பசங்களே வைத்துக்கொண்ட வழக்கம் அது.

இறுதிப் போட்டி. எங்கள் அணி ஜெயிக்க நான்கு ரன் வேண்டும். மீதி இரண்டு பந்து. ஆடிக்கொண்டிருந்தவள் என் மகள் யாழினி, பன்னிரண்டு வயது. அதற்கு முந்தைய பந்து அவள் ஹெல்மெட் கம்பியில் பட்டிருந்தது. கம்பிக்கும் நெற்றி விளிம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் நான் பந்தை வைத்துத் தள்ள வேண்டும். நுழையவில்லை என்றால் அவள் ஆடலாம். நுழைந்தால் வெளியே போக வேண்டும்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே நான்தான். அதனால் அந்தக் காட்சியை அங்கே நிறுத்திவிட்டு, ஏன் கொண்டுவந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக் கடைக்காரி

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் கடை பழகியிருக்கும். மற்றவர்களுக்காக ஒரு வரி: கிழக்கு தாம்பரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். யாரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது மூக்குத் தண்டின் அகலம்தான். கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளைக்கு எந்த ஃப்ரேம் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். புத்தி அப்படி ஆகிவிட்டது.

கடைக்கு வரும் அம்மாக்களோடு எனக்கு ஒரு தீராத சண்டை உண்டு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, கண்ணாடி போட்டுப் பார்த்ததும், "கொஞ்சம் பெரிசாவே குடுங்க மேடம், வளர்ற புள்ள" என்பார்கள்.

"இது யூனிஃபார்ம் இல்லம்மா, ஓரத்த மடிச்சுத் தைக்கிறதுக்கு" என்பேன் நான். "இன்னிக்கு இருக்கிற மூஞ்சிக்குத்தான் கண்ணாடி. அடுத்த வருஷ மூஞ்சிக்கு அடுத்த வருஷம் வாங்க."

வியாபாரம் பண்ணுபவள் பேசுகிற பேச்சா இது என்று பக்கத்து மருந்துக் கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். தொளதொளவென்று மூக்கு நுனியில் தொங்கும் கண்ணாடியோடு ஒரு பிள்ளை என் கடையை விட்டு வெளியே போனதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

இவ்வளவு பேசுகிற நான் ஹெல்மெட் வாங்கப் போன இடத்தில் என்ன செய்தேன் தெரியுமா?

வளர்கிற பொண்ணு

யாழினி ஒன்பது வயதில் தெருவில் ஆட ஆரம்பித்தாள். ஒரு வருஷம் கழித்து பெஞ்சமின் சாரிடம் சேர்த்தேன். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். சனி ஞாயிறுகளில் பொழிச்சலூரில் பசங்களுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுப்பவர். அவள் அப்பாவுக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. அதனால் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் என் பொறுப்பு. ரப்பர் பந்திலிருந்து தோல் பந்துக்கு மாறும்போது சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஹெல்மெட் இல்லாமல் வரக்கூடாது என்று.

கடையில் விற்பனைக்கு நின்ற தம்பி அவள் தலையை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒரு ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இதவிட ஒரு சைஸ் பெருசு குடுப்பா" என்றேன்.

"அக்கா, அதுக்கு மேல பெரியவங்க போடறது."

"இருக்கட்டும். வளர்ற பொண்ணு."

யாழினி அதைப் போட்டுக்கொண்டு தலையைத் திருப்பினாள். தலை திரும்பியது, ஹெல்மெட் திரும்பவில்லை. "ஆடுதும்மா" என்றாள்.

"உள்ள துண்டு வச்சுக்கலாம் கண்ணு."

வீட்டுக்கு வந்து பழைய டர்க்கி டவலில் ஒரு கிழிசலை வெட்டி, நான்காக மடித்து, உள்ளே திணித்துத் தைத்தேன். வேலை சுத்தமாக வந்ததில் சந்தோஷம் வேறு. மூக்குத் தண்டை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறவள், மண்டைக்கு மட்டும் கண் மதிப்பு போதும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரியாத இன்னொரு விஷயம் இருந்தது. சின்னப் பிள்ளைகள் ஆடும் தோல் பந்து, பெரியவர்கள் ஆடும் பந்தைவிடக் கொஞ்சம் சின்னது. பெரியவர்கள் ஹெல்மெட்டின் கம்பி இடைவெளி பெரிய பந்தைத் தடுப்பதற்காக வைத்தது. சின்னப் பந்துக்கு அது திறந்த கதவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சியில் பந்து எகிறி வந்தது. அவள் குனிந்தாள். துண்டு நழுவி ஹெல்மெட் பின்னால் சரிந்தது. தபால் பெட்டியில் கடிதம் விழுவதுபோல அந்தப் பந்து இடைவெளி வழியாக உள்ளே போய் அவள் இடது புருவத்தில் விழுந்தது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அவள் பேட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய்க் கழற்றியபோது டர்க்கி டவல் துண்டு சிவப்பாக வெளியே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர், "ஹெல்மெட் போட்டிருந்தாளா?" என்று கேட்டார்.

"போட்டிருந்தா."

"அப்புறம் எப்படி இங்க பட்டுச்சு?"

டெட்டால் வாசனையோடு அந்தக் கேள்வியும் மூக்கிலேயே நின்றது. அரை விரல் கீழே பட்டிருந்தால் கண். ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவெடுக்கிற நான், என் பெண்ணின் கண்ணை ஒரு கிழிந்த துண்டை நம்பி ஒப்படைத்திருக்கிறேன். அன்று எனக்கு என் மேல் வந்த கோபம் வேறு யார் மேலும் வந்ததில்லை.

மறுநாள் கடையில், கண்ணாடிக்கு அளவெடுக்கும் சின்ன ஸ்கேலால் ஹெல்மெட் இடைவெளியை அளந்தேன். பிறகு பந்தை அளந்தேன். பிறகு ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, பந்தையே எடுத்து உள்ளே தள்ளினேன். தடங்கலில்லாமல் போனது. அளவு பார்க்க ஸ்கேல் எதற்கு, பந்தே போதும் என்று அப்போதுதான் தோன்றியது. அன்று மாலையே அவள் தலைக்குக் கச்சிதமாக வேறு ஹெல்மெட் வாங்கினேன்.

முனுசாமி அண்ணாவின் முன்பல்

அடுத்த ஞாயிறு பெஞ்சமின் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எல்லாப் பசங்களையும் ஹெல்மெட்டோடு வரிசையில் உட்கார வைத்தார். நான் ஒரு பந்தோடு ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் ஹெல்மெட்டுகளில் பந்து ஹாயாக உள்ளே போனது.

உள்ளே என்னென்ன இருந்தது தெரியுமா? ஒன்றில் தலையணைப் பஞ்சு. ஒன்றில் அக்காவின் துப்பட்டா. ஒன்றில் மடித்த நாளிதழ். வாங்கியதெல்லாம் வளர்கிற பிள்ளைக்குத்தான். நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பது ஆறுதலாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒரு பையனின் அப்பா இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். பம்மலில் பட்டறை வைத்திருப்பவர். மகனுக்குப் பந்து சரியாகத் தெரியவில்லை என்று கம்பியை அறுத்து, இடைவெளியை அகலப்படுத்தி, திரும்ப வெல்டிங் வைத்துக் கொடுத்திருந்தார். வேலைப்பாடு அருமை. பந்து மட்டும் நேராக மூக்குக்குப் போகும்.

அன்று நாங்கள் வைத்த சோதனை இரண்டு. முதலில் தாடைப் பட்டையை மாட்டிக்கொண்டு 'இல்லை' என்று தலையாட்ட வேண்டும். தலையோடு ஹெல்மெட்டும் ஆட வேண்டும். தனியாக ஆடினால் அது உனக்கில்லை. அடுத்தது பந்து. நுழைந்தால் நீ வெளியே. ஸ்டம்புக்குப் பக்கத்தில் நிற்கும் கீப்பருக்கும் இதே சட்டம். ஹெல்மெட்டில் பந்து பட்டால் ஆட்டம் நிற்கும். முதலில் பிள்ளையின் தலையைப் பார்க்க வேண்டும், அப்புறம் ஹெல்மெட்டை. பேட்டுக்கு முன்னால் ஒட்டி நின்று ஃபீல்டிங் செய்வது யாருக்கும் கிடையாது.

மைதானத்துக்குச் சொந்தக்காரர் முனுசாமி அண்ணா. அவர் அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்தது. சுற்றிலும் வீடு கட்டி விற்றுவிட்டு, இதை மட்டும் விளையாட்டுக்கு விட்டிருக்கிறார். ஆடுகளத்துக்குத் தண்ணீர் தெளித்து ரோலர் இழுப்பது அவரேதான், ஆள் வைத்தால் பிடிக்காது. நான் வரிசையாகப் பந்தைத் திணித்துக்கொண்டு வருவதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார்.

"இன்னாமா, பந்த வச்சிகினு இன்னா பண்ணிகினு கீற?"

சொன்னேன்.

"நாங்கல்லாம் தொப்பி கூட இல்லாம ஆடுனோம். இன்னா ஆயிப்போச்சி இப்ப?"

"அண்ணா, உங்க முன்பல்லு ரெண்டு எங்க?"

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். "அது வேற கதை, வுடு" என்று சொல்லிவிட்டு ரோலர் பக்கம் போய்விட்டார். பசங்கள் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

பெற்றவர்கள் அவ்வளவு சுலபமாக விடவில்லை. "கோச்சிங்குக்கு அனுப்பினேனா, கண்ணாடிக் கடையம்மாகிட்ட பரீட்சை எழுத அனுப்பினேனா?" என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார். நான் யாழினியைக் கூப்பிட்டு, "இந்த அங்கிளுக்குப் புருவத்தக் காட்டு" என்றேன். தையல் பிரித்த இடம் அப்போது இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. மறுவாரம் அவர் பையன் புது ஹெல்மெட்டோடு வந்தான், தலைக்குச் சரியாக.

கொஞ்சம் கொஞ்சமாக எங்களோடு ஆடும் மற்ற அணிகளும் இதை ஏற்றுக்கொண்டன. பொத்தேரி பக்கமிருந்து வரும் அணி முதலில், நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பு அணி கடைசியில். புதிதாக வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், பேட்டோடு உள்ளே இறங்கும் ஒவ்வொரு பிள்ளையும் 'மாட்டேன்' என்று தலையாட்டுவதைப் பார்த்து, ஏன் இப்படி அடம் பிடிக்கிறார்கள் என்று கேட்பார்கள். முனுசாமி அண்ணாவே அவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சோதனைப் பந்து ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். "இத்த மாட்டிகினு தலைய ஆட்டு பாக்கலாம்" என்று அவர் அதட்டுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள்ளே ஒரு பெருமை. யாழினிக்கு அப்புறம் அந்த மைதானத்தில் ஒரு பிள்ளைக்கும் முகத்தில் தையல் போடவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதே மைதானத்துக்கு ஸ்கூட்டரில் வரும்போது என் தலையில் ஹெல்மெட் சும்மா உட்கார்ந்திருக்கும். பட்டை இரண்டு பக்கமும் காது வளையம்போல ஆடிக்கொண்டிருக்கும். அதை யாரும் என்னைக் கேட்டதில்லை.

இரண்டு பந்து, நான்கு ரன்

இப்போது அந்த விமானத்துக்குக் கீழே திரும்புவோம்.

எதிரணி நாவலூர்க்காரர்கள். யாழினி ஆரம்பத்திலிருந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஆடியிருந்தாள். மற்றவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். கடைசி ஓவரில் எகிறி வந்த பந்தை அவள் இழுத்து அடிக்கப் பார்த்தாள். அது பேட்டின் விளிம்பில் பட்டு அவள் முகத்துக்கே திரும்பியது. டங் என்ற சத்தம் எல்லைக்கோடு வரை கேட்டது.

நானும் பெஞ்சமின் சாரும் ஓடினோம். சார் அவளை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்.

"எங்க இருக்கோம்?"

"பொழிச்சலூர் சார்."

"என்ன நிலவரம்?"

"நாலு ரன் வேணும். ரெண்டு பால். அந்தப் பக்கம் ஃபீல்டர் இல்ல சார், அங்க அடிச்சா முடிஞ்சுது."

தலை தெளிவாகத்தான் இருந்தது. கண்ணை நான் பார்த்தேன், அது என் தொழில். வலியில்லை, மயக்கமில்லை. அடியைக் கம்பி வாங்கிக்கொண்டது.

பிறகு ஹெல்மெட்டைக் கையில் வாங்கினேன். வாங்கியதுமே தெரிந்துவிட்டது. இடது பக்கம் கம்பி ஒரு மயிரிழை கீழே வளைந்திருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாமல் போகுமா? நாள் முழுக்க நான் பார்ப்பது இந்த மாதிரி வளைவுகளைத்தானே.

எங்கள் அணியில் அவள்தான் உயரம். அவள் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் இன்னொன்று கிடையாது. வெளியே அனுப்பினால் கடைசியாக மீதியிருப்பவன் டேனியல். பத்து வயது. அவன் பேட் அவனைவிடக் கனமாக இருக்கும்.

எதிரணி கோச் என் பக்கத்தில் வந்து நின்று சரிபார்க்கலாம். அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவர், "நீங்க பாத்தா சரிதான் ஆன்ட்டி" என்று இரண்டடி தள்ளியே நின்றார்.

விமானம் மேலே இரைந்துகொண்டு போனது. நான் பந்தை வலது பக்கமாக, கம்பி வளையாத இடத்தில் வைத்தேன். விரல் நுனியால் மெதுவாகத் தள்ளினேன். கடையில் பவுடர் போட்ட குழந்தையின் கன்னத்தைத் தொடுவேனே, அவ்வளவு மெதுவாக. பந்து அப்படியே நின்றது.

சத்தம் ஓய்ந்ததும், "சரியா இருக்கு" என்றேன்.

அம்பயர் தலையசைத்தார். எங்கள் பசங்கள் எல்லைக்கோட்டில் கை தட்டினார்கள். நான் ஹெல்மெட்டை நீட்டினேன். யாழினி அதை வாங்கினாள். போட்டுக்கொள்ளவில்லை.

"பந்தக் குடும்மா" என்றாள்.

கொடுத்தேன். அவள் ஹெல்மெட்டைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடது பக்கம் பந்தை வைத்து, கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். பந்து உள்ளே போய், அந்தப் பக்கமாகக் கீழே விழுந்து, என் வெறும் காலின்மேல் உருண்டது.

"நுழையுது சார்" என்றாள் அம்பயரிடம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாவலூர் கோச் உடனே அவர்கள் பசங்களின் ஹெல்மெட் இரண்டைக் கொண்டு வந்தார். நல்ல மனுஷன். யாழினி ஒன்றைப் போட்டுத் தலையாட்டினாள். அது தனியாக ஆடியது. இன்னொன்று காதுக்குக் கீழே இறங்கவில்லை. அவள் இரண்டையும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். தானே வெளியே நடந்தாள். எதிரே வந்த டேனியலை நிறுத்தி, அவன் தாடைப் பட்டையை இழுத்துப் பார்த்து, ஃபீல்டர் இல்லாத பக்கத்தைக் காட்டி ஏதோ சொன்னாள். அவன் அவளிடம் 'இல்லை' என்று தலையாட்டினான். ஹெல்மெட் தனியாக ஆடவில்லை. அனுப்பி வைத்தாள்.

டேனியல் ஒரு ரன் எடுத்தான். கடைசிப் பந்தில் எதிர்முனையில் இருந்தவன் ஒரு ரன் எடுத்தான். ஒரு ரன்னில் தோற்றோம்.

நாவலூர் பசங்கள் துள்ளினார்கள். துள்ளட்டும், ஆடி ஜெயித்தவர்கள். யாழினி ரோலர்மேல் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள். முனுசாமி அண்ணா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கப்பு போச்சு" என்றார். "போவட்டும். இன்னா பொண்ணு பெத்து வச்சிகீற நீ. நான் இத்தினி வருசமா இந்த கிரவுண்டுல கீறேன், இந்த மாரி ஒண்ணு பாத்ததில்ல."

அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு. அந்தப் பெருமையில் என் பங்கு என்ன என்று யோசித்தபோது பந்து உருண்ட கால் கூசியது.

பட்டை

ஸ்கூட்டர் நிறுத்திய இடத்துக்கு அவளே முதலில் போனாள். கிட் பையை முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மெதுவாத்தானே தள்ளின?"

"ஆமா."

"வளைஞ்ச பக்கம் வேணும்னேதானே வைக்கல?"

"ஆமா."

"ஏம்மா?"

"நீ ஜெயிக்கணும்னுதான்டி."

இன்னொரு விமானம் வந்தது. அது போகும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம். போனதும் அவள் தன் இடது புருவத்தைத் தொட்டாள். முடி முளைக்காத அந்தச் சின்னக் கோடு.

"இது எனக்கு மறக்கல" என்றாள். "உனக்கு எப்டிம்மா மறந்துச்சு?"

எனக்கு மறக்கவில்லை. இரண்டு பந்து நேரத்துக்கு மறந்ததுபோல இருந்துவிட்டேன். அதைச் சொன்னேன். தப்புதான் என்றும் சொன்னேன். பெற்ற பெண்ணிடம் அந்த வார்த்தையைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, வாய் குழறியது. அவள் "ம்" என்றாள்.

அவள் தன் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். நானும் என் ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.

"இரு" என்றாள்.

வண்டியைச் சுற்றிக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"தலைய ஆட்டு."

"என்னது?"

"இல்லன்னு தலைய ஆட்டும்மா."

ஆட்டினேன். என் தலை இரண்டு பக்கமும் போய் வந்தது. ஹெல்மெட் தனியாக ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணை மறைத்தது. இருட்டுக்குள் அவள் விரல்கள் என் தாடைக்குக் கீழே பட்டையைத் தேடி எடுத்து இழுப்பது தெரிந்தது. வியர்வையும் தோல் கையுறையும் கலந்த வாசனை. டக் என்று மாட்டினாள்.

"இப்ப ஆட்டு."

ஆட்டினேன். ஹெல்மெட் தலையோடு சேர்ந்தே ஆடியது.

"சரி, போலாம்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.